சின்னாற்றின் மறுமுனை

சூளகிரிப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு என்றால் கண் மேற்கேதான் போகும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடமும் சேர்த்து என்று வளரும் எங்களுக்கு அது அந்நிய ஊர் அல்ல. அந்நியமாக இருந்தது கடல்தான். புவியியல் படிக்கச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அதன் எதிரிலேயே வங்கக்கடல் கிடந்தது.

முதலில் உடம்புதான் திணறியது. எங்கள் ஊரில் மே மாதத்திலும் பொழுது சாய்ந்தால் காற்று குளிர்ந்துவிடும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நள்ளிரவிலும் சட்டை முதுகோடு ஒட்டும். பெட்டிப் பூட்டு துருவேறித் திறக்க மறுக்கும். பிற்பகல் கடற்காற்று ஒன்றே ஆறுதல். ஜூன் மாதத்தில் சில நாள் அதுவும் நேரத்துக்கு வராது. மேல்காற்று வலுத்து அதை உள்ளே விடாமல் நிறுத்திவிடும் என்று வகுப்பில் கேட்டபோது திகைத்தேன். சூளகிரியில் எங்களைக் குளிரவைக்கும் காற்று அல்லவா அது! பீடபூமியிலிருந்து இறங்க இறங்கச் சூடேறி, சென்னைக்கு அனலாக வந்து சேர்கிறது.

மெரினாவின் அகன்ற மணல்வெளி ஆதியிலிருந்தே இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 1870களில் கட்டத் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மறுபடி எழுப்பப்பட்ட துறைமுகச் சுவர் செய்த வேலை அது. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே, வரவேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடல் ஊரைத் தின்றது. அங்கே இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். வகுப்பில் படித்துவிட்டு அங்கே போய் நின்றபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அலையடித்த திசையைக் காட்டி, "எங்க வீடு அதோ அங்க இருந்துச்சு தம்பி" என்றார். நாங்கள் சாயங்காலம் சுண்டல் தின்று உட்கார்ந்திருந்த மணல் அவருடைய மணல்.

அதற்குப் பிறகு சொந்த ஊரையும் வேறு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் நுரை பொங்கிச் சாலைவரை பறக்கிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சும் விவசாயிகளோடு சேர்ந்து நாமும் கர்நாடகத்தைக் குறை சொல்கிறோம், அது நியாயமே. ஆனால் எங்கள் சின்னாறும் பெண்ணையில்தான் கலக்கிறது. கொத்தமல்லி, புதினா, தக்காளித் தோட்டங்களில் நாங்கள் அடிக்கும் மருந்தும், புதிதாக முளைக்கும் ஆலைகள் விடுவதும் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வழியாகக் கடலூருக்குத்தான் போகின்றன. நமக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். மேட்டில் வாழ்கிறவர்களுக்கு இது எளிதில் உறைப்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சுற்றுலா என்றால் மைசூருக்கோ பெங்களூருவுக்கோ போகின்றன. ஒருமுறையாவது பிள்ளைகளைக் கடலூருக்கு, பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று தெரிந்த ஆசிரியர்களிடமெல்லாம் கேட்டுவருகிறேன். தூரம்தான், ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். பஸ் வாடகையில் ஒரு பங்கை நான் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.