உயர்த்தித் தந்த கைகள்

கைப்பந்தாட்டத்தில் எவரும் தனித்து உயர்வதில்லை. ஒருவர் பந்தை உயர்த்தித் தந்தாலன்றி, மற்றவர் எம்பி ஓங்கி அடித்தல் இயலாது. இவ்வுண்மைக்குச் சான்றாய் விளங்கியவர் ஜிம்மி ஜார்ஜ்.

1955ஆம் ஆண்டு, கேரளத்துக் கண்ணூரை அடுத்த பேராவூர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பல்கலைக்கழக நாளில் கைப்பந்து ஆடியவரான தந்தையே அவருக்கு முதல் ஆசான். ஓர் அணிக்கு வேண்டுவோர் அறுவர். அவ்வீட்டிலோ ஆண்மக்கள் எண்மர்! எண்மரும் ஆடினர்.

1974இல் டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியபோது அவருக்கு வயது 19. 1976இல் அர்ச்சுனா விருது வந்தது. கைப்பந்தாட்டத்தில் அத்துணை இளம் வயதில் முன்னர் எவரும் அதனைப் பெற்றிலர். பின்னர் இத்தாலி நாட்டுக் கழகங்கள் அவரை அழைத்துக்கொண்டன. 1986இல் சியோல் நகரில் இந்தியா வெண்கலம் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். மறு ஆண்டு நவம்பரில் இத்தாலியில் நேர்ந்த சாலை விபத்தொன்று, 32ஆம் வயதில் அவரைப் பறித்துக்கொண்டது.

திருவனந்தபுரத்து உள்ளரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எனினும், அப்புகழின் கடைக்கால் அவ்வரங்கில் இல்லை; தம் மக்களுக்குப் பந்தை உயர்த்தித் தந்த ஒரு தந்தையின் கைகளில் உள்ளது. கற்பிப்போர் கருதத்தக்கது இது.