டிக்கியில இடமில்லை, பாஸ் வேணும்

கார்ல பின்பக்க ஸ்பீக்கர்ல பாஸ் வரலைன்னு சப்வூஃபர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம். இது மருத்துவ த்ரெட் இல்லை, ஆனா கொஞ்சம் காது சமாச்சாரமும் வரும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுல இருந்து எங்க கார் டிக்கி முழுக்க அவரோட வீல்சேருக்குத்தான். சப்வூஃபர் பெட்டி வைக்க வழியே இல்லை. பின்கதவு ரெண்டுலயும் புதுசா ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் போட்டேன். பின்சீட்ல இளையராஜா கேட்டுட்டு வந்தவர், "என்னடா, பாட்டுல அடியே இல்லை"ன்னார்.

வயசாகும்போது காது முதல்ல இழக்கிறது உயர்ந்த சுருதியை. தாழ்ந்த ஒலி பெரும்பாலும் அப்புறமும் ஓரளவு நிக்கும். ஆக, அவருக்கு எது நல்லா கேக்குமோ அதுதான் இந்தக் கார்ல வரலை. சவுண்டைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடுச்சு.

நைட் டியூட்டி முடிஞ்ச ஒரு மதியம் உட்கார்ந்தேன். ஃபேடரை முழுக்கப் பின்னாடி தள்ளி, பேலன்ஸை இடதுபக்கம் மட்டும் வச்சா, பாஸ் கூடுது! ரெண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தா குறையுது. அதாவது ஒண்ணு வெளியே தள்ளும்போது இன்னொண்ணு உள்ளே இழுக்குது. வலது கதவைக் கழற்றிப் பார்த்தா, மாட்டினவர் பிளஸ் மைனஸ் ஒயரை மாத்திக் கொடுத்திருக்கார். சந்தேகம் வந்தா ஒயரைக் கழற்றிட்டு, ஒன்றரை வோல்ட் செல்லை ஸ்பீக்கர் முனைகள்ல ஒரு கணம் தொட்டுப் பாருங்க. பிளஸ்ல பிளஸ் பட்டா கோன் வெளியே வரணும்.

அடுத்தது ஓட்டை. கதவோட உள்தகட்டுல கை நுழையுற அளவு ஓட்டைகள், மேல பேருக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். கோனுக்கு முன்னாடி வர்ற ஒலியும் பின்னாடி வர்றதும் அது வழியா சந்திச்சு ஒண்ணையொண்ணு தின்னுடும். ஸ்டெத் காதுல சரியா உட்காரலைன்னாலும் இப்படித்தான், காத்து கசிஞ்சு முதல்ல காணாம போறது தாழ்ந்த ஒலி. டேம்பிங் ஷீட்டால ஓட்டைகளை மூடி, ஸ்பீக்கரைச் சுத்தி ஃபோம் வளையம் வச்சேன். கதவு அடியில மழைத்தண்ணி வடியற துளையை மட்டும் அடைச்சிடாதீங்க, துரு பிடிச்சிடும்.

அப்புறம் பாஸ் பூஸ்ட்டை அணைச்சு, ஹை-பாஸ் ஃபில்ட்டரை 60 ஹெர்ட்ஸ்ல வச்சேன். பாஸ் வேணும்னு பாஸையே வெட்டுறதான்னு கேப்பீங்க. அந்த சைஸ் கோன் 30, 40 ஹெர்ட்ஸுக்குத் திணறும். அந்தப் பாரத்தை இறக்கிட்டா 80, 100 தெளிவா வரும். நெஞ்சு அதிரணும்னா சப்வூஃபர்தான், அதை நான் மறுக்கலை.

போன வாரம் பிசியோதெரபிக்குப் போறப்போ அப்பா பாராட்டல்லாம் இல்லை. "வலது கதவுல என்னமோ கடகடங்குதுடா"ன்னார். உள்ளே ஒயரைக் கட்டாம விட்டுட்டேன் போல. ஞாயித்துக்கிழமை திரும்பக் கழற்றணும்.