நான்கு மடங்கு மெதுவாக

எங்கள் பங்கின் திருவிழாவையொட்டிக் குறும்படம் ஒன்று எடுக்க இளைஞர்கள் விரும்பினார்கள். கோயில்பிள்ளை பீடத்தின் மெழுகுதிரிகளை ஏற்றுவது அதன் தொடக்கக் காட்சி. கேமரா பக்கவாட்டில் மிதந்து செல்ல வேண்டும். காட்சியும் மெதுவாக ஓட வேண்டும். இதற்காக ஒரு தம்பி இரண்டடி நீளத் தண்டவாளம் போன்ற கருவியைக் கொண்டுவந்தான். ஸ்லைடர் என்று அதற்குப் பெயர். பங்குச் சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேமராப் பைத்தியம் எனக்குக் குருமட நாள்களிலிருந்தே உண்டு.

மேலும், இக்கலைக்கு வித்திட்டவரே ஒரு குருவானவர்தாம். ஆஸ்திரிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் இயற்பியல் ஆசிரியருமான ஆகஸ்ட் முஸ்கர், 1904-இல் இதற்கான கருவியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கட்டணம் செலுத்த வழியின்றிப் பின்னர் அவ்வுரிமையை இழந்தார்.

மெதுவான காட்சி வேண்டுமெனில் மெதுவாகத் தள்ள வேண்டும் என்றே முதல் நாள் எண்ணினோம். ஆமை வேகத்தில் தள்ளினோம். கேமரா விக்கி விக்கி நகர்ந்தது. நிற்கிற பொருளைக் கிளப்புவதற்கு வேண்டிய விசை, ஓடுகிற பொருளைத் தொடர்ந்து ஓடவைக்க வேண்டியதைவிட மிகுதி. ஆகவே மிக மெல்லத் தள்ளப்படும் வண்டி, நிற்பதும் துள்ளுவதுமாகவே போகும். நொடிக்கு 25 படங்களாக எடுத்ததைக் கணினியில் இழுத்து நீட்டியபோது, ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து இன்னும் தடுமாறியது.

வழி நேர்மாறானது. கேமராவை நொடிக்கு 100 படங்கள் எடுக்கும்படி வைத்து, வண்டியைத் தயக்கமின்றி மூன்று நொடியில் கடத்திவிட வேண்டும். அதை 25 படக் கணக்கில் ஓட்டினால் மூன்று நொடி பன்னிரண்டாக விரியும். கையின் சிறு குலுக்கல்களும் நீண்டு கரைந்துபோகும். வண்டியில் ரப்பர் வளையம் மாட்டி அதைப் பிடித்து இழுத்தோம். விரலின் வெட்டை ரப்பர் வாங்கிக்கொண்டது. தண்டவாளத்தின் இரு முனைகளுக்கும் தாங்கல் கொடுத்தோம்; இல்லையேல் கேமரா ஓரத்துக்குப் போகையில் அந்த முனை தாழும். புறப்படும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் வெட்டி எறிந்தோம்.

வெளிச்சம்தான் பெருந்தொல்லை. ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 200-இல் ஒரு பங்கு நேரமே கிடைப்பதால், வழக்கமான ஒளியில் கால்பங்குதான் உள்ளே வருகிறது. ஆதலால் மாலை வெயிலுக்கு மேற்குக் கதவைத் திறந்துவைத்தோம்.

எல்லாம் செய்தும், மூன்றாம் நாள் காட்சியில் ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது. குற்றத்தை ஸ்லைடர்மேல் சுமத்தினேன். தண்டவாளத்தைத் துடைத்தோம், திருகுகளை முடுக்கினோம். ஒவ்வொரு முறையும், "இன்னும் ஒரு தரம், பெரியவரே" என்றேன். கோயில்பிள்ளை மறுபேச்சின்றித் திரிகளை அணைத்து அணைத்து ஏற்றினார். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும்.

இரவில் தனியே அமர்ந்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்த தூண் அசையவில்லை. பீடத்தின் விளிம்பு அசையவில்லை. அவருடைய வலக்கையும் அதிலிருந்த திரியும் மட்டும், நொடிக்கு ஒருமுறைபோல, சீராக ஊசலாடின. நான்கு மடங்கு மெதுவாக்கிய காட்சி அது. உண்மையில் அந்தக் கை எவ்வளவு விரைவாக நடுங்கியிருக்கும்! இடக்கையால் மணிக்கட்டை அவர் இறுகப் பற்றியிருந்ததையும் அப்போதுதான் கண்டேன்.

பீட விரிப்பில் மெழுகு சொட்டியிருந்ததற்காகத் தவக்காலத்தில் இரண்டு முறை அவரைக் கடிந்துகொண்டிருக்கிறேன். "வயதாகிவிட்டால் கவனம் வேண்டாமா?" என்றுகூடக் கேட்டேன், பீடச் சிறுவர்களின் முன்னிலையில்.

மறுநாள் அவரை அழைத்துக் காட்சியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு வருஷமா இப்படித்தான் சாமி. சொன்னா நிறுத்திருவீங்கன்னு பயந்தேன்" என்றார்.

நிறுத்தவில்லை. வரும் திங்களன்று மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். உயரத்திலுள்ள திரிகளைப் பீடச் சிறுவர்கள் ஏற்றுகிறார்கள், கீழ்வரிசை அவருடையது. அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். கோயில்பிள்ளையிடமே கேட்கச் சொன்னேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.