ஒன்றரை முஷ்டி அகலத்தில் ஓர் ஓவியம்

"கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கு மியூசியத்துல என்ன வேலை?" சொந்தக்காரர்கள் யாரும் இதை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. ஆனால் லீவுக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வரும்போது, நான் இருந்தால் மட்டும் பட்டியல் மாறிவிடும். பார்க், கோயில், இல்லையென்றால் யார் வீட்டிலாவது சாப்பாடு. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். எனக்கோ மாதத்துக்கு ஒரு தடவையாவது லண்டனில் ஏதாவது ஓவியக்கூடத்துக்குப் போய் வந்தால்தான் மனசு நிறையும். எப்படிப் போகிறேன், உள்ளே எப்படி வழி கண்டுபிடிக்கிறேன் என்று எழுதினால் சிலருக்காவது உதவும் என்று தோன்றியது. உங்கள் வீட்டிலும் பார்வை குறைந்து வரும் அப்பாவோ மாமியாரோ இருக்கலாம். பிள்ளையாகவும் இருக்கலாம்.

முதலில் என் கண்ணைப் பற்றி. எனக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. சுமார் 4000 பேரில் ஒருவருக்கு வருகிற பரம்பரை விழித்திரை நோய். மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் பழுதாகும், அதனால் மாலைக்கண் வரும். பிறகு பக்கவாட்டுப் பார்வை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். பலருக்கு நடுப்பார்வை நெடுநாள் தங்கும். கண்ணாடி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

சாதாரணமாக ஒருவருக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 180 டிகிரி தெரியும். எனக்கு இப்போது 15. கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, நான் ஒரு நேரத்தில் பார்ப்பது ஒன்றரை முஷ்டி. அதற்குள் எல்லாம் நன்றாகவே தெரியும். போனில் மெசேஜ் படிப்பேன், ஆபீஸில் கோடு எழுதுவேன். ஆனால் காலடியில் கிடக்கும் ஸ்டூல் தெரியாது. "குச்சியும் வெச்சிருக்கா, போனும் பார்க்கிறாளே?" என்று பஸ்ஸில் முணுமுணுப்பவர்களுக்கு இதுதான் விளக்கம்.

எனக்கு ஓவியக்கூடத்தில் முதல் எதிரி இருட்டு. காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் இவையெல்லாம் வெளிச்சத்தில் நிறம் வெளுத்துவிடும். அதனால் அந்த அறைகளில் 50 லக்ஸ் அளவுக்குத்தான் விளக்கு வைப்பது வழக்கம். எண்ணெய் ஓவியங்கள் கொஞ்சம் தாங்கும், அங்கே வெளிச்சம் கூடுதலாக இருக்கும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ஆர்டபில் கம்பளம் என்று 16ஆம் நூற்றாண்டு பாரசீகக் கம்பளம் இருக்கிறது. 10 மீட்டருக்கும் மேல் நீளம். நிறம் போகாமல் இருக்க, ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு பத்து நிமிஷம் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். நான் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே காத்திருந்து பார்ப்பேன்.

வெளிச்சமான இடத்திலிருந்து மங்கலான அறைக்குள் நுழையும்போது என் கண் பழக நேரம் எடுக்கும். அதனால் வாசலுக்கு உள்ளே ஓரமாக, சுவரை ஒட்டி ஒரு ஐந்து நிமிஷம் நிற்பேன். பிறகு இடது சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வருவேன். அறையின் நடுவில்தான் ஆபத்தெல்லாம்: கறுப்பு பெஞ்சு, கண்ணாடிப் பெட்டி, குழந்தைகளின் தள்ளுவண்டி. பல இடங்களில் ஓவியத்துக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் கயிறு கட்டியிருப்பார்கள், அது எனக்குக் கண்ணிலேயே படாது. ஒரு தடவை ஒரு கூடத்தில் ஓவியத்தின் பெயர்ச்சீட்டைப் படிக்கக் குனிந்தேன், அலாரம் அடித்துவிட்டது. காவலர் ஓடி வந்து, நான் ஏதோ ஓவியத்தைக் கிழிக்க வந்தவள் மாதிரி பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் சிம்பல் கேன் வாங்கினேன். கைக்கு அடக்கமான சின்ன வெள்ளைக் குச்சி. தரையைத் தட்டி வழி தேடுவதற்கு அல்ல, "எனக்குப் பார்வை குறைவு" என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்கு. அதைப் பார்த்ததும் காவலர்களே வந்து "உதவி வேணுமா?" என்று கேட்கிறார்கள். கூட்டம் வழி விடுகிறது. கூட்டம் அதிகமான இடங்களுக்கு நீளக் குச்சி தனியாக வைத்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. சாஃப்ட்வேர்காரி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது! டிராபல்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரியில் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' என்ற ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் சதுரம். முழுசாக என் 15 டிகிரிக்குள் அடங்க வேண்டுமென்றால் நான் எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நின்றால் நடுவில் பத்துப் பேர் போவார்கள். அதே இடத்தில் வான் ஐக் 1434இல் வரைந்த 'ஆர்னோல்ஃபினி' ஓவியம் 82 சென்டிமீட்டர் உயரம்தான். மூன்று மீட்டரில் மொத்தமும் அடங்கிவிடும். பின்சுவரில் தொங்கும் வட்டக் கண்ணாடி, அதற்குள் வாசலில் நிற்கும் இரண்டு பேர் எல்லாம் அப்புறம் கிட்டப் போய்ப் பார்க்கிற சமாச்சாரம். சின்ன ஓவியங்கள் எனக்குத் தோழிகள் மாதிரி. பெரிய ஓவியம் என்றால், போனில் மேப்பைப் பெரிதாக்கி விரலால் நகர்த்துவோமே, அதுபோல இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று தலையை நகர்த்திப் பார்ப்பேன். நேரம் ஆகும். ஆனால் 'தூதர்கள்' ஓவியத்தில் அந்த வீணை போன்ற வாத்தியத்தின் ஒரு தந்தி அறுந்திருப்பதை என் கணவருக்குக் காட்டியது நான்தான்.

போன மே மாதம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக அங்கே போனோம். வாசல் படியிலேயே அம்மா நின்றுவிட்டார்.

"அந்தக் குச்சியைப் பையில வையி. உள்ள நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தா என்ன நினைப்பாங்க? குட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு நட."

அம்மா சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 26 வயதில் எனக்கு நோய் தெரிந்தபோது மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் பெற்றோர் உறவுக்குள் திருமணம் செய்தவர்களா?" என்பதுதான். ஆமாம், அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். எனக்கு வந்த வகை, ஒரே ஜீனின் பழுதான பிரதி இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அண்ணனுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. "நாங்க பண்ணிக்கிட்ட கல்யாணம் உன் கண்ணைக் கெடுத்துருச்சு" என்று அம்மா போனில் அழாத வருஷம் இல்லை. குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் வருகிறது. என் கணவருக்குப் பரிசோதித்துப் பார்த்து, மகளுக்கு இது வருகிற வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அது அம்மாவுக்கும் தெரியும். இருந்தும் அந்த பாரம் இறங்கவில்லை.

"அவளுக்கு ஏழு வயசும்மா. படம் பார்க்க வந்திருக்கா. என்னைப் பார்த்துக்கிறது அவ வேலை இல்ல" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. நான் குச்சியோடு உள்ளே போனேன்.

இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே வளர்ந்த உங்களில் பலர் பத்து வயதிலேயே அப்பா அம்மாவுக்காக வங்கியிலும் டாக்டரிடமும் மொழிபெயர்த்தவர்கள். அந்தப் பொறுப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. என் மகள் ஆசையாக வந்து கையைப் பிடித்தால் பிடிக்கட்டும். என் கண்ணுக்குப் பதில் அவள் கண் என்று ஆகிவிடக் கூடாது.

'தூதர்கள்' ஓவியத்தின் அடியில் சாய்வாக, இழுத்து நீட்டிய மாதிரி ஒரு வடிவம் இருக்கும். நேராகப் பார்த்தால் யாருக்கும் புரியாது. வலது பக்கம் போய் ஓரமாகப் பார்த்தால் மண்டை ஓடு. மகள் அங்கே ஓடிப்போய், "அம்மாச்சி, இங்க வாங்க, இங்க வந்தாத்தான் தெரியும்!" என்று கத்தினாள். அம்மா போய்ப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ எங்க நின்னு பார்ப்ப?" என்று கேட்டார். எட்டு மீட்டர் தள்ளி இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே போய் நின்று, கையைக் குழாய் மாதிரிச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒவ்வொண்ணாத்தான் தெரியுது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது ஈஸ்ட்ஹாமில் இறங்கியதும், "இப்பவாச்சும் மடிச்சு வையேன்" என்றார். நான் மடிக்கவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால், எனக்குப் பயன்பட்ட சில விஷயங்கள்:

போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். பெரிய எழுத்துக் கையேடு, விளக்கிச் சொல்லும் சுற்று, தொட்டுப் பார்க்கும் சுற்று என்று பல கூடங்களில் ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்துச் சிற்பக் கூடத்தில் சில சிலைகளைத் தொட்டுப் பார்க்கலாம். கட்டணக் கண்காட்சிகளில் துணைக்கு வருபவருக்குப் பெரும்பாலும் டிக்கெட் இலவசம்.

வார நாள் காலையில், திறந்த உடனே போங்கள். ஒரு நாளைக்கு மூன்று அறை போதும். எந்த ஓவியங்கள் என்று வீட்டிலேயே இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனால், நேரில் எங்கே எதைத் தேடுவது என்று தெரியும்.

துணைக்குப் போகிறவர்கள் அவர்களைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கைக்கு மேலே அவர்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

குச்சிக்கு இன்னும் மனசு வராதவர்களுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை இருக்கிறது. 2016இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, இப்போது பல இடங்களில் தெரிந்துகொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. "அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று நீங்களே முடிவு பண்ணிவிடாதீர்கள். வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.