கடைசிப் பத்து மீட்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

“என்ன மச்சான், சிங்கப்பூர்லயே நெட் சுத்துதா?” என்று நீங்கள் கிண்டலடித்ததற்குப் பதில் இது. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் கட்டாகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

குறை ஊரில் இல்லை. 10 ஜிகாபிட் இணைப்பு வீடுகளுக்கு எட்ட வேண்டும் என்று 2024-இல் இங்கே அரசு 10 கோடி வெள்ளி வரை ஒதுக்கியது. என்னுடையது 1 ஜிகாபிட் திட்டம்தான். லேப்டாப்பில் கேபிளைச் செருகிச் சோதித்தால் எந்த நேரமும் 940 மெகாபிட்டை ஒட்டியே நிற்கிறது. மீதி, ஒவ்வொரு தகவல் துண்டோடும் கூடவே போகிற முகவரி முதலான சுமைக்குச் சரியாகிவிடும். அதே நேரம் கூடத்தில் வைஃபையில் 600 வரும். படுக்கையறையில், அதுவும் ஊரே வீடு திரும்பிய ராத்திரி எட்டு மணிக்கு, 100 வந்தாலே பெரிய விஷயம். பில் என்னவோ ஒன்றுதான்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிச் செம்புக் கம்பிகள். போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும், வேறு யாரும் குறுக்கே வர முடியாது. வைஃபை அப்படியில்லை. நம் கும்பகோணம் லைன் மாதிரி ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி கடக்கும்வரை கிராஸிங்கில் நிற்க வேண்டியதுதான். ரூட்டரோ போனோ பேசுவதற்கு முன்னால் அலைவரிசை காலியா என்று கேட்கும். காலியாக இருந்தாலும் உடனே பேசாது, குத்துமதிப்பாக ஒரு கணம் பொறுக்கும். அனுப்பிய பிறகு ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும், வராவிட்டால் மறுபடி அனுப்பும். போன் காட்டுகிற வேகத்தில் கிட்டத்தட்ட பாதி இந்தக் காத்திருப்பிலேயே கரைகிறது.

இந்தத் தண்டவாளம் நம் வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடியில் மேலே, கீழே, இருபக்கமும் குடும்பங்கள். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் திரை கொள்ளாமல் பெயர்கள். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சானல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பக்கத்து வீட்டு ரூட்டர் என் சானலில் இருந்தால், பாஸ்வேர்டு வேறு என்றாலும், அவர்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் நானும் வரிசையில் நிற்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் அதற்குச் சுவர் என்றால் ஆகாது.

சுவர் என்றதும் இந்த ஊர்ச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். 1997-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று ஒரு சிற்றறை உண்டு. குண்டு விழுந்தால் குடும்பத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள. கம்பி நெருக்கிக் கட்டிய கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு விழாத காலத்தில் அங்கே அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் இருக்கும். கூடத்தில் பெட்டியும் ஒயரும் தெரியக் கூடாது என்று பலர் ரூட்டரையும் அதற்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள்! குண்டையே தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையையா விட்டுவைக்கும்? ஊடே துளை போட்டு ஒயர் இழுக்கவும் அனுமதி கிடையாது. இதில் வேடிக்கை, புது வீடுகளில் அறைக்கு அறை சுவருக்குள் கேபிள் ஓட்டி, செருக வாயும் வைத்துத்தான் தருகிறார்கள். சோபாவை அதன்மேல் சாத்திவிட்டு, நெட் ஸ்லோ என்று கம்பெனிக்கு போன் போடுகிறவர்கள் அதிகம்.

இன்னொரு கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருப்பான். தூரத்து அறையில் சிக்னல் செத்துக் கிடக்கும் பழைய டேப்லெட்டோ கேமராவோ 6 மெகாபிட்டில் பேசுகிறது என்று வையுங்கள். 600-இல் பேசும் போன் ஒரு நொடியில் முடிப்பதற்கு அது நூறு நொடி அலையைப் பிடித்து வைத்திருக்கும். அதுவரை மற்றவர்கள் எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டும்.

ரூட்டர் பெட்டியில் ‘ஏஎக்ஸ்3000’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். 2.4-இன் 574-ஐயும் 5-இன் 2402-ஐயும் கூட்டி, போதாததற்கு மேலே கொஞ்சம் ஏற்றி எழுதிய எண் அது. அந்த 2402-க்கே 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். பல போன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் 80-ஐத்தான் எடுக்கும், ஆக 1201. அதுவும் ஏட்டளவில். அதிலும் காத்திருப்புக்குப் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். பொய் என்று சொல்ல முடியாது, நாணயம் என்று சொல்லவும் எனக்கு மனசில்லை.

ஒரே பாதைக்கு எல்லாரும் வரிசையில் நிற்கிற இந்தச் சிக்கலில் கேபிளும் ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டதுதான். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் தீவுகளுக்கிடையே ரேடியோ வழியாகக் கணினிகளை இணைத்தார். யார் வேண்டுமானாலும் பேசலாம், மோதினால் மறுபடி பேசலாம் என்பது ஏற்பாடு. அதில் அதிகபட்சம் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகப் பயன்படும். அதைப் படித்துத்தான் 1973-இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கினார். அங்கேயும் எல்லாரும் ஒரே கம்பியில் முட்டிக்கொண்டார்கள். பிறகு ஸ்விட்ச் என்ற பெட்டி வந்து ஆளுக்கொரு கம்பி பிரித்துக் கொடுத்தது. ஆகாயத்தை அப்படிக் கூறு போட முடியவில்லை.

அதனால் உங்கள் வீட்டு மாடியில் நெட் எட்டவில்லை என்று ரிப்பீட்டர் வாங்க ஓடாதீர்கள். கேட்டதையே அதே சானலில் திருப்பிச் சொல்வதால் சாதாரண ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். இப்போது இருப்பதைவிடப் பெரிய பிளான் போடுவதும் தண்டம். மேலே அறை எழுப்புகிறீர்களே, பூச்சு வேலை தொடங்குவதற்குள் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, கரண்டுக்குப் போடும் பைப்பில் சேர்க்காமல் தனிப் பைப்பில் கூடத்திலிருந்து மேலே ஒரு கேட்-6 கேபிள் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். மேல்முனையில் வைஃபை பரப்ப ஒரு அக்சஸ் பாயின்ட், டிவிக்கு ஒரு ஒயர். போன்கள் காற்றிலேயே இருக்கட்டும். சுவரில் ஒயர் தெரியுமே என்று தங்கச்சி முகம் சுளிப்பாள், இங்கேயும் அதே பஞ்சாயத்துதான். பூச்சுக்குள் போய்விட்டால் அவளுக்கும் தெரியாது.

அன்புடன்,
மச்சான்