எரியாத விளக்கு

எச்சரிக்கை ஒன்றும் காணப்படாதவிடத்து ஆபத்தும் இல்லை என்று எண்ணி அமைதியடைவது மக்களுக்கு இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, கல்லூரியிற் பல ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பித்துவரும் எமக்கு உணர்த்தியது எம் வீட்டுக் கொட்டிலில் நின்ற ஒரு பழைய மோட்டார்க் கார்.

அது 1959ஆம் ஆண்டைச் சேர்ந்த மொறிஸ் மைனர். 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இயந்திரம் பூண்டது. எம் தந்தையார் அதனை வீட்டில் ஒரு பிள்ளைபோலவே பேணிவந்தார். 2014இல் கண்பார்வை மங்கியபின் அவர் அதனைத் தொடவில்லை. சென்ற ஆவணி விடுமுறையில், அதனை மீண்டும் வீதியில் ஓடச்செய்து ஐயாவை ஏற்றிச் செல்லவேண்டும் என்ற ஆசை எமக்கு உண்டாயிற்று. பற்றரி புதிதாக வாங்கினோம். பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றினோம். பின்னர் இயந்திரத்தை இயக்காமல், சாவியை மட்டும் திருப்பினோம்.

அவ்வாறு திருப்பியவுடன் முகப்பில் இரண்டு விளக்குகள் எரிதல் வேண்டும். ஒன்று மின்னேற்றத்தைக் காட்டுவது. மற்றையது எண்ணெய் அமுக்கத்தைக் காட்டுவது. முதலாவது எரிந்தது. இரண்டாவது எரியவில்லை. பார்க்க வந்த அயலவர் ஒருவர், “விளக்கு எரியவில்லைத்தானே, அப்போது எண்ணெயில் ஒரு குறையுமில்லை” என்றார். நாம் அவருக்கு விளக்க முற்பட்டோம்.

இயந்திரத்தின் எண்ணெய்க் குழியிலிருந்து ஒரு பம்பி எண்ணெயை அமுக்கத்துடன் செலுத்துகிறது. அவ்வழியில் ஒரு சிறிய சுவிச் பொருத்தப்பட்டிருக்கும். அமுக்கம் இல்லாதபோது அதனுள்ளே இருக்கும் தொடுகைகள் இணைந்திருக்கும்; மின் அவற்றினூடாக இயந்திரத்தின் உடலைச் சேர, விளக்கு எரியும். அமுக்கம் சில இறாத்தல் அளவுக்கு உயர்ந்ததும் உள்ளேயுள்ள மென்தகடு தள்ளப்பட்டுத் தொடுகைகள் பிரிய, விளக்கு அணையும். ஆகவே, இயந்திரம் ஓடாதபோது எரிந்து, ஓடத் தொடங்கியதும் அணையும் விளக்கே நம்பத்தக்கது. ஒருபோதும் எரியாத விளக்கு நற்செய்தி சொல்லவில்லை. அது வாய்பேசாதிருக்கிறது, அவ்வளவே.

இனி அந்தச் சுவிச்சைத் தேடவேண்டும். இவ்வகை இயந்திரத்தில் அது வலப்புறத்தே, பின்கோடியில், ஓட்டுநர் அறையின் தடுப்புச்சுவரை அண்டியுள்ளது. எண்ணெயும் புழுதியும் திரண்டு கிடந்த அவ்விடத்தைத் துணியாற் பலமுறை துடைத்தபின் அது தென்பட்டது. அதன் தலையில் ஒரேயொரு வயர் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். அங்கே வயர் இல்லை!

அறுந்து விழுந்திருக்கலாம் என்றெண்ணி விரல்களால் துழாவினோம். மற்றைய வயர்களின் பின்னே, நுனியில் நாடா இறுகச் சுற்றப்பட்டு, நூலினாற் கட்டப்பட்டு அது ஒளிந்திருந்தது. அது தற்செயலாக நேர்ந்ததன்று. ஒருவர் வேண்டுமென்றே செய்த வேலை.

நாடாவை அவிழ்த்து, நுனியை இயந்திரத்தின் உடலிற் படச்செய்தோம். விளக்குப் பளிச்சென எரிந்தது. மின்குமிழும் வயரும் பழுதற்றவை என்பது புலனாயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது விறாந்தைச் சாய்மனைக் கதிரையிலிருந்து ஐயா எம்மையே நோக்கிக்கொண்டிருந்தார்.

“அது நான் கழட்டினது தம்பி,” என்றார். “நாவற்குழிப் பாலத்துக்கு இஞ்சால வைச்சு.”

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எம் கண்முன் வந்தது. வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவு அது. எமக்கு அப்போது வயது 14. பின் ஆசனத்தில் அப்பாச்சியும் தங்கையும் மூட்டைகளும் நாமும். சனத்திரளினூடே கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. 1990இலிருந்து பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல் அரிதாகிவிட, யாழ்ப்பாணத்துக் கார்களெல்லாம் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயுடன் கலந்து, அதனை நீர்க்கச்செய்யும். நீர்த்த எண்ணெய்; கொதிக்கும் இயந்திரம்; மெதுவான ஓட்டம். அமுக்கம் வீழ்ந்தது. விளக்கு எரிந்தது. “அது என்ன விளக்கு?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது எம் நினைவில் உண்டு. ஐயா இறங்கிப் பொனற்றைத் திறந்து ஏதோ செய்துவிட்டு வந்தார். விளக்கு அணைந்திருந்தது. “சரிவந்திட்டுது,” என்றார். நாம் உறங்கிப்போனோம்.

“நிப்பாட்டினால் எங்க போறது? எரிஞ்சுகொண்டிருந்தால் அம்மா பயத்திலேயே செத்துப்போவா. பயத்தை நான் ஒருத்தன் வைச்சிருந்தாப் போதுமெண்டு நினைச்சன். பிறகு ஒவ்வொரு நாளும் குச்சி விட்டுப் பாத்தனான்தானே.”

குச்சி எண்ணெயின் அளவைச் சொல்லும், அமுக்கத்தைச் சொல்லாது. அதனை நாம் ஐயாவிடம் கூறவில்லை.

வயரை உரிய இடத்திற் பூட்டி இயந்திரத்தை இயக்கினோம். விளக்கு அணைந்தது. ஆனால், சூடேறி மெதுவாக ஓடியபோது மீண்டும் மினுங்கியது. சுவிச் பழுதோ, அமுக்கமே குறைவோ என்று ஊகிப்பது வீண்வேலை. சுவிச்சைக் கழற்றி அவ்விடத்தில் ஒரு மானியைப் பூட்டினோம். இவ்வகை இயந்திரம் வேகமாக ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலும், மெதுவாக ஓடும்போது 15 இறாத்தலும் காட்டுதல் வேண்டும். எமது மானியின் முள் 5இல் நின்று நடுங்கியது. விளக்குச் சொன்னது உண்மையே. இயந்திரத்தைப் பிரித்தபோது பேரிங்குகள் செம்பு நிறம் தெரியத் தேய்ந்திருந்தன.

அன்றிரவு எமக்கு வேறொன்றும் தோன்றிற்று. காலைதோறும் “சுகமா ஐயா?” என்று கேட்போம். “எனக்கொரு குறையுமில்லை” என்பார். பல்லாண்டாக அவ்விடையை ஏற்று, நாம் நிம்மதியாகக் கல்லூரிக்குச் சென்றிருக்கிறோம். மறுநாளே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். குருதியமுக்கம் மிக உயர்ந்திருந்தது. சில மாதங்களாகவே தலைச்சுற்று இருந்ததாம். “உங்களுக்கேன் வீண்பயம் எண்டு சொல்லேல்லை,” என்றார். அதே மனிதர், அதே வயர்!

இப்போது பேரிங்குகள் மாற்றப்பட்டுவிட்டன. ஐயாவும் நாள்தவறாமல் மாத்திரை உட்கொள்கிறார். ஞாயிறு மாலைகளில் எம் பக்கத்தே அமர்ந்து கோயிலுக்கு வருகிறார். நாம் சாவியைத் திருப்பியதும், மங்கிய கண்களை முகப்பருகே கொண்டுசென்று சற்று உற்றுநோக்குவார்.

“எரியுது,” என்பார். “இனி ஸ்ராட் பண்ணு.”