சிறிதளவு ஈயம்



பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் சபை மூப்பர் ஒருவர், கடந்த வாரம் ஒரு பழைய பொம்மை ரயில் எஞ்சினை என்னிடம் காட்டினார். அவருடைய தகப்பனார் வைத்திருந்தது; சாவி கொடுத்தால் ஓடும் வெளிநாட்டு எஞ்சின். செய்தவர் பெயர் அழிந்துபோயிருந்தது. பல ஆண்டுகளாகத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாராம். ஒருவரும் அதைக் கீழே போடவில்லை. ஆயினும் துணியைப் பிரித்தபோது சக்கரங்கள் வெடித்திருந்தன. அடிச்சட்டம் வீங்கி வளைந்திருந்தது. விரல் பட்ட இடம் உதிர்ந்தது. மேலிருந்த பச்சை வண்ணம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

காரணத்தைத் தேடி வாசித்தேன். பிராங்க் ஹார்ன்பி 1920-ல் லிவர்பூலில் பொம்மை ரயில்களைச் செய்யத் தொடங்கியபோது, அவை பெரும்பாலும் தகரத் தகட்டால் ஆனவை. நாளடைவில், நுணுக்கமான வடிவங்களை விரைவாகச் செய்வதற்காகப் பல நாட்டு உற்பத்தியாளர்களும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தார்கள். அதில் சிறிதளவு ஈயம் சேர்ந்துவிட்டால் போதும். வார்த்த அன்று குறை எதுவும் தெரியாது. ஈரக் காற்று படப்பட, உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு பரவும். ஆண்டுகள் சென்றபின் வார்ப்பு வீங்கி, வெடித்து, பொடியாகும்.

இதைத் தவிர்க்கும் வழியும் அக்காலத்திலேயே தெரிந்தது. 99.99 சதவீதத் தூய்மையுள்ள துத்தநாகத்தைக் கொண்டு 'ஜாமாக்' என்னும் கலவையை அமெரிக்காவில் 1929-ல் உருவாக்கினார்கள். ஆனால் எல்லாப் பட்டறைகளிலும் அந்தக் கவனம் இல்லை. 1990களிலிருந்து பல நிறுவனங்களின் உற்பத்தி சீனாவுக்குச் சென்றது. இன்றைய மாதிரி ரயில்களில், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு வாசிக்கவேண்டிய எழுத்தும் தெளிவாக அச்சிடப்படுகிறது. ஆயினும் இக்காலத்தில் செய்த சில எஞ்சின்களின் அடிச்சட்டமும் அதே நோயால் உதிர்ந்திருக்கிறது. மேற்புறம் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. உருக்கும் கலத்தின் தூய்மையோ, இன்றும் செய்கிறவரின் உண்மையைப் பொறுத்தே இருக்கிறது.

நெசவை அறிந்த ஆர்.கே.பேட்டை மக்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. சாயத்தில் விட்ட குறை கடையில் தெரியாது, சலவையில் தெரியும்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தறி இருந்த எங்கள் வீட்டைப் பாகம் பிரித்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அன்று என் அண்ணனிடம் சொல்லாமல் விழுங்கிய கசப்பு ஒன்று என்னுள் இருக்கிறது. திருமண வீடுகளில் சந்திக்கிறோம், ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறோம். வண்ணம் அப்படியே இருக்கிறது. மன்னிப்பைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்த எனக்கு, உள்ளே என்ன உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும்.

நோய் கண்ட வார்ப்பைச் சீராக்க வழியில்லை. அந்தப் பாகத்தையே மாற்றவேண்டும். நாமோ உலோகம் அல்ல. புடமிடுகிறவரின் கையில் நம்மை ஒப்புக்கொடுக்கும் வரையில் நமக்கு வழி உண்டு.

மறுநாள் காலையில் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். "என்னப்பா, இவ்வளவு காலையிலே?" என்றார். பேச்சு எளிதாக இல்லை. வருகிற ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குச் செல்கிறேன்.

எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழைக்கவேண்டியவர் எவரேனும் இருந்தால், உங்களுக்காக நானும் ஜெபிக்கிறேன்.